வீட்ட சுத்தி இருக்கிற செடி, பூச்சி, பறவைய போன்ல படம் எடுக்கிறது: எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியும். காட்டுக்கோ சரணாலயத்துக்கோ போற வசதி இல்ல, பெரிய லென்ஸ் எதுவும் கிடையாது, கையில ஒரு போன் மட்டும் இருக்கு, வீட்ட சுத்தி பார்த்தா காக்கா, புறா, களைச்செடி இவ்வளவுதான் கண்ணுல படுது, இதுல என்னத்த படம் எடுக்கிறது, எடுத்தாலும் அது என்னன்னு எப்படி கண்டுபிடிக்கிறது. இதான் கேள்வி.

தாராளமா எடுக்கலாங்க. நான் ரொம்ப வருஷமா இத பண்ணிட்டு இருக்கேன், அதுல எனக்கு உறுதியா தெரிஞ்ச ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். உயிரினத்த தேடிப் போகாதீங்க, ஒரு செடிய முழுசா கத்துக்கங்க, அப்புறம் உயிரினம் எங்க இருக்கும், எப்ப வரும், என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரிய ஆரம்பிச்சிடும். கேமரா, லென்ஸ், செட்டிங் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

நம்ம வீட்ட சுத்தி ஒண்ணுமே இல்லன்னு தோணுறதுக்கு காரணம் இருக்கு. இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்துல ஜெனிஃபர் ஓவன்னு ஒரு உயிரியலாளர் இருந்தாங்க, 1972ல ஆரம்பிச்சு 30 வருஷம் தன்னோட சாதாரண வீட்டுத் தோட்டத்துல என்னென்ன உயிர் இருக்குன்னு கணக்கெடுத்தாங்க. மொத்தம் 2,673 வகை. செடி கொடி 474, பூச்சி மட்டும் 1,997, அது போக சிலந்தி, நத்தை மாதிரி முதுகெலும்பு இல்லாத மத்தது 138. பறவை, தவளை, அணில்னு முதுகெலும்பு உள்ளது எல்லாத்தையும் சேர்த்தா வெறும் 64தான். இந்தக் கணக்க கொஞ்சம் நின்னு பாருங்க. நாம "இங்க என்ன இருக்கு"ன்னு கேக்கும்போது மனசுல வர்றது எல்லாம் அந்த 64க்குள்ள அடங்கிடுது, மீதி ரெண்டாயிரத்து சொச்சத்த நாம தேடவே இல்ல. அத்தனையும் கைக்கு எட்டுற தூரத்துல, முழங்காலுக்குக் கீழ, இலைக்குப் பின்னாடி இருக்கு.

சரி, ஒரு செடின்னா எந்தச் செடி? ஒரு உதாரணத்துக்கு எருக்கு எடுத்துக்கலாம், காலி மனை, ரோட்டோரம், குப்பை கொட்டுற இடம்னு யாரும் நட்டு வளக்காமலே நிக்கிற செடி. இலைய கிள்ளினா பால் வரும், அந்தப் பால்ல விஷம் இருக்கு, அதனால ஆடு மாடு வாய வைக்காது. (படம் எடுக்கும்போது அந்தப் பால் கையில பட்டா கண்ணுக்கிட்ட கொண்டு போகாதீங்க, கருவிழியவே பாதிக்கும், நல்லா கழுவிட்டுதான் மத்த வேலை.) மத்ததெல்லாம் ஒதுங்கிப் போற இந்தச் செடியதான் வெந்தய வரியன்னு ஒரு வண்ணத்துப்பூச்சி தேடி வரும், ஆரஞ்சு கலர், இறக்கை ஓரத்துல கருப்பு, அதுல வெள்ளைப் பொட்டு. இலைக்கு அடியில ஒவ்வொரு முட்டையா ஒட்டி வச்சிட்டுப் போகும். அதுல வர்ற புழு கருப்பு, மஞ்சள், வெள்ளை பட்டை போட்டு, முதுகுல மூணு ஜோடி கருப்பு கொம்போட இருக்கும். அது சாப்பிடுறத கிட்ட போய் பாருங்க, நேரா இலைய கடிக்காது, முதல்ல இலையோட நரம்ப கடிச்சு விடும், பால் அங்கயே ஒழுகிடும், அந்த வெட்டுக்கு அந்தப் பக்கம் பால் வராத பகுதியதான் நிதானமா தின்னும். அப்படியும் உள்ள போற விஷத்த உடம்புலயே சேத்து வச்சுக்கும், வண்ணத்துப்பூச்சி ஆன அப்புறமும் அது உடம்புல இருக்கும், அத சாப்பிட்ட பறவை வாந்தி எடுத்துட்டு அடுத்த தடவை அந்த ஆரஞ்சு கலர் பக்கமே வராது. அதனாலதான் அது அவ்வளவு மெதுவா, பயமே இல்லாம பறக்குது, அதனாலதான் உங்க போனுக்கும் அது சிக்குது. இதுல இன்னொரு விஷயம், விஷமே இல்லாத வேற ஒரு வண்ணத்துப்பூச்சியோட பெண், டனாயிட் எக்ஃப்ளைன்னு பேரு, அச்சு அசலா வெந்தய வரியன் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு அந்தப் பாதுகாப்ப அனுபவிக்கும். பின் இறக்கை நடுவுல மூணு கருப்புப் புள்ளி தெளிவா இருந்தா அது வெந்தய வரியன், எக்ஃப்ளைக்கு அந்த இடத்துல அந்தப் புள்ளிகள் இருக்காது. இத தெரிஞ்சுக்கிட்டு படம் எடுக்கிறதுக்கும் "ஒரு ஆரஞ்சு பட்டாம்பூச்சி"ன்னு எடுக்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

அதே செடியில குருத்து இலையில மஞ்சளா, கால் மட்டும் கருப்பா அசுவினிக் கூட்டம் (செடியோட சாற உறிஞ்சுற குட்டிப் பூச்சி) அப்பி இருக்கும். பாக்க அருவருப்பா இருக்கும்னு தள்ளிப் போயிடாதீங்க, அங்கதான் விஷயமே. அந்தக் கூட்டத்துல எல்லாமே பெண்தான், ஆண் இல்லாமலே குட்டி போடும், முட்டை கூட கிடையாது, உயிரோட குட்டியா வெளிய வரும், கொஞ்ச நேரம் பொறுமையா பாத்தா பிரசவமே பாத்துடலாம். நடுவுல ஒண்ணு ரெண்டு மட்டும் உப்பிப் போய், பழுப்பு கலர்ல, அசையாம இருக்கும். அதுக்குள்ள ஒரு குட்டிக் குளவியோட புழு இருக்கும் இல்லன்னா இருந்திருக்கும், முதுகுல வட்டமா ஓட்டை இருந்தா குளவி வெளிய போயிடுச்சுன்னு அர்த்தம். பக்கத்துலயே பொறிவண்டோட புழு அசுவினிய ஒண்ணொண்ணா தின்னுட்டு இருக்கும், எறும்பு வந்து அசுவினி விடுற இனிப்புத் தண்ணிய குடிச்சிட்டுப் போகும். பூவுக்கு பெரிய கருவண்டு வரும், அதாவது தச்சுத் தேனீ, அது காலுல எருக்கம்பூவோட மகரந்தம் பொட்டலம் பொட்டலமா ஒட்டிக்கிட்டு போறத நல்ல வெளிச்சத்துல படத்துலயே பாக்கலாம். ஒரே ஒரு செடி, இவ்வளவு கதை. நீங்க இருக்கிற ஊர்ல எருக்கு இல்லையா, பரவால்ல. வட அமெரிக்காவுல மில்க்வீட்னு ஒரு செடி இருக்கும், அதுல மோனார்க் வண்ணத்துப்பூச்சி வரும், இதே கதைதான். ஐரோப்பாவுல நெட்டில் புதர்ல பீகாக் வண்ணத்துப்பூச்சியோட கருப்புப் புழு கூட்டமா இருக்கும். மாடியில ஒரு தொட்டி எலுமிச்சை இருந்தா கூட எலுமிச்சை அழகியோட புழு வரலாம், சின்னதுல பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளந்தா பச்சையாயிடும், சீண்டினா தலைக்குப் பின்னாடி இருந்து கவட்டை மாதிரி ஒரு உறுப்ப நீட்டி நாத்தம் விடும். (படத்துக்காக சீண்டாதீங்க, எறும்போ குளவியோ வரும்போது தானா நீட்டும்.)

இப்ப படம் எடுக்கிறதுக்கு வருவோம். ரெண்டு விதமான படம் இருக்கு, ரெண்டும் வேணும், ஆனா பெரும்பாலானவங்க ஒண்ண மட்டும்தான் எடுக்கிறாங்க. அழகான படம் ஒண்ணு, ஆதாரப் படம் ஒண்ணு. பூவ மட்டும் பெருசா, பின்னாடி மங்கலா எடுத்துட்டு "இது என்ன செடி"ன்னு கேட்டா எவ்வளவு தெரிஞ்சவங்களும் முழிப்பாங்க. செடின்னா முழுச் செடி ஒண்ணு, இலை தண்டுல எப்படி ஒட்டியிருக்குன்னு ஒண்ணு (ஒரு கணுவுல எதிரெதிரா ரெண்டு இலையா, இல்ல மாத்தி மாத்தி ஒண்ணொண்ணா), இலையோட அடிப்பக்கம், பூ நேரா, பூ பக்கவாட்டுல, காய் இருந்தா காய். தண்ட விரல்ல லேசா உருட்டிப் பாருங்க, நாலு மூலை தட்டுப்பட்டு இலையும் எதிரெதிரா இருந்தா துளசி, தும்பை, புதினா குடும்பமா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அத குறிப்புல எழுதி வச்சுக்கங்க, படத்துல அது தெரியாது. மூக்குத்திப்பூண்டு தெரியும்ல, வெட்டுக்காயப் பூண்டுன்னும் சொல்வாங்க, எல்லா புல்தரையிலயும் இருக்கும், அதோட "பூ"வ கிட்ட வச்சு எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க, நடுவுல இருக்கிற மஞ்சள் ஒவ்வொண்ணும் தனித்தனிப் பூ, ஓரத்துல வெள்ளையா இருக்கிற ஒவ்வொரு இதழும் ஒரு பூ, அதோட நுனியில மூணு பல்லு இருக்கும். மிதிச்சிட்டுப் போற செடியில இவ்வளவு நுணுக்கம் இருக்குன்னு தெரிஞ்சப்புறம் கால் தானா ஒதுங்கும்.

பூச்சின்னா மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, முகம் ஒண்ணு, அது உக்காந்திருந்த செடி ஒண்ணு. வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கையோட அடிப்பக்கம் ரொம்ப முக்கியம், நீலன்னு சொல்ற சின்ன வண்ணத்துப்பூச்சிகள்ல நிறைய வகைய மேல்பக்கத்த வச்சு பிரிக்கவே முடியாது. தட்டானுக்கு பக்கவாட்டு நெஞ்சும் வால் நுனியும். இதுல தூரத்துல இருந்தே முதல் படத்த எடுத்துடணும், அது சுமாரா இருந்தாலும் சரி, அப்புறம் ஒவ்வொரு அடியா கிட்ட போய் எடுத்துட்டே இருங்க, எந்த நிமிஷம் பறந்து போனாலும் கையில ஏதோ ஒண்ணு இருக்கும்.

கிட்ட போறது எப்படின்னா நேரா, மெதுவா, தாழ்வா. பூச்சிக்கு குறுக்க நடக்கிற அசைவு உடனே தெரியும், நேரா வர்றது அவ்வளவு சீக்கிரம் தெரியாது. உங்க நிழல் அது மேல விழவே கூடாது, விழுந்தா முடிஞ்சுது. காலையில சீக்கிரம் போங்க, பெரும்பாலான பூச்சிக்கு உடம்பு சூடு வெயில்ல இருந்துதான் வரணும், அதனால குளிர்ந்த நேரத்துல அது பறக்க முடியாம உக்காந்திருக்கும், வெளிச்சமும் அப்பதான் இதமா இருக்கும். சாயங்காலம் இருட்டுற நேரம் இன்னொரு நல்ல நேரம், நீலவரித் தேனீயில ஆண் எல்லாம் கூடு இல்லாம ஏதாவது காஞ்ச குச்சிய வாயால கடிச்சுக்கிட்டு தொங்கிட்டே தூங்கும், பல நாள் அதே குச்சிக்கு வரும், ஒரு தடவை இடத்த கண்டுபிடிச்சிட்டா போதும். தட்டான துரத்தாதீங்க, நிறைய வகை ஒரே குச்சி நுனிக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து உக்காரும், பறந்து போனா நீங்க அங்கயே நில்லுங்க, போகஸ் அந்தக் குச்சி மேலயே இருக்கட்டும். எங்கயும் உக்காராம தலைக்கு மேல கூட்டமா சுத்திட்டே இருக்கிற மஞ்சத் தட்டான் இருக்கே, குளோப் ஸ்கிம்மர், அத பிடிக்கிறது கஷ்டம்தான், ஆனா அது யாருன்னு தெரிஞ்சா விட மனசு வராது. இந்தியாவுல இருந்து மாலத்தீவு வழியா கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போற பயணி அதுன்னு சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு உயிரியலாளர் 2009ல எழுதினாரு. வாசல்ல சுத்துற ஒரு பூச்சி.

போன் பத்தி. லென்ஸ துணியால துடைங்க, பாதி மங்கல் அதுல போயிடும். திரைய ஒரு இடத்துல அழுத்திப் பிடிச்சா போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கும், அப்புறம் விரல கீழ இழுத்து வெளிச்சத்த கொஞ்சம் குறைங்க, வெள்ளைப் பூ, மஞ்சப் பூ எல்லாம் வெயில்ல வெளுத்துப் போறது வெளிச்சம் அதிகமாயிடுறதாலதான். இப்ப வர்ற நிறைய போன்ல மேக்ரோங்கிறது (ரொம்ப கிட்ட வச்சு பெருசா எடுக்கிறது) அல்ட்ரா வைட் லென்ஸ, அதாவது அகலமா காட்டுற லென்ஸ வச்சு பண்றது, 2021ல வந்த ஐபோன் 13 ப்ரோவுல 2 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போகலாம். கேக்க நல்லா இருக்கு, ஆனா 2 சென்டிமீட்டர்ல போனோட நிழல் விழும், பூச்சி பறந்துடும், பின்னாடி இருக்கிற குப்பையெல்லாம் தெரியும். பூ, பாசி, காளான், முட்டை மாதிரி ஓடாத விஷயத்துக்கு அத வச்சுக்கங்க. உயிரோட நடமாடுறதுக்கு மெயின் கேமராவுல 2 மடங்கு ஜூம் வச்சு கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்து அப்புறம் கிராப் பண்றதுதான் எனக்கு எப்பவும் நல்லா வருது. கிட்ட போகப் போக தெளிவா இருக்கிற ஆழம் குறைஞ்சுடும், அதனால இறக்கைய மடிச்சு உக்காந்த வண்ணத்துப்பூச்சின்னா போன அந்த இறக்கைக்கு இணையா பிடிங்க, முழு இறக்கையும் தெளிவா வரும். காத்துல செடி ஆடினா இன்னொரு கையால தண்ட கீழ பிடிச்சுக்கங்க. பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க, அரை அடி நகந்தாலே வெயில் பட்ட சுவர் போய் நிழல் வந்துடும், படமே மாறிடும். அப்புறம் குனியுங்க. நின்ன வாக்குல கீழ பாத்து எடுக்கிற எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும், அதோட கண் மட்டத்துக்கு இறங்கினாதான் அது ஒரு ஆளா தெரியும்.

கண்ணுன்னதும் குதிக்கும் சிலந்தி ஞாபகம் வருது, வெளிய போகவே முடியாதவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான். வலை பின்னாம சுவர்லயும் ஜன்னல் கம்பியிலயும் நடந்து வேட்டையாடுற சின்ன சிலந்தி, விரல் நகத்த விட சின்னது. எட்டு கண்ணு, முன்னாடி இருக்கிற ரெண்டு மட்டும் பெருசு. நீங்க போன கிட்ட கொண்டு போனா அது ஓடாது, திரும்பி உங்களப் பாக்கும், நீங்க இடப்பக்கம் போனா அதுவும் இடப்பக்கம் திரும்பும். அந்தப் பெரிய கண்ணுக்கு உள்ள நீளமா ஒரு குழாய் இருக்கு, அதோட கடைசியில விழித்திரை, கண்ணு வெளியில அசையாது ஆனா உள்ள அந்தக் குழாய் அசையும், அதனால வெளிர் உடம்புச் சிலந்தியில கண்ணோட கலர் கருப்புல இருந்து வெளிறி மறுபடி கருப்பாகுறத நேர்லயே பாக்கலாம், முழுக் கருப்பா இருக்கும்போது நேரா உங்களத்தான் பாக்குது. அப்ப எடுங்க. குதிக்கிறதுக்கு முன்னாடி உடம்ப அழுத்தி ஒரு நொடி அப்படியே நிக்கும், ஒரு நூல கீழ ஒட்டிட்டுதான் குதிக்கும், விழுந்தாலும் அந்த நூல பிடிச்சு ஏறி வந்துடும். ராத்திரின்னா போன் பிளாஷ் மேல டிஷ்யூ பேப்பர ஒரு மடிப்பு வச்சுக்கங்க, வெளிச்சம் பரவி விழும்.

பறவைக்கு போன் பத்தாது, இத ஒத்துக்கிட்டு வேற மாதிரி யோசிக்கணும். சின்னதா தெரிஞ்சாலும் அது இருக்கிற மரம், ஒயர், மாடி எல்லாத்தோடயும் சேத்து எடுங்க, அதுவும் ஒரு நல்ல படம்தான். திரைச்சீலைக்குப் பின்னாடி உக்காந்தா ஜன்னலே மறைவிடம். காக்காவ சாதாரணமா நினைக்காதீங்க, இறகு உதிர்ற காலத்துல எந்தக் காக்காவுக்கு எந்த இறகு இல்ல, எதுக்கு அலகுல சில்லு போயிருக்குன்னு படத்துல பாத்து வச்சா ஒரே காக்காவ நாள் கணக்கா அடையாளம் வச்சு பின்தொடரலாம். தமிழ்லயும் எழுதின மா. கிருஷ்ணன் 1950ல இருந்து 1996ல இறக்கிற வரைக்கும் இயற்கை பத்தி பத்திரிகையில தொடர்ந்து எழுதினவர், யானைக் கூட்டத்த கருப்பு வெள்ளையில எடுத்த மனுஷன், அவரே காக்கா, அணில் பத்தியெல்லாம் அதே அக்கறையோட எழுதியிருக்காரு. சத்தத்த பதிவு பண்றதும் ஆதாரம்தான், கார்னல் பறவை ஆய்வகத்தோட மெர்லின் ஆப் சத்தத்த கேட்டே பேர் சொல்லும், அதே ஆய்வகத்தோட ஈபேர்டு தளத்துல நீங்க பாத்த பறவைங்கள லிஸ்ட் போட்டு வைக்கலாம்.

அடையாளம் கண்டுபிடிக்க நான் நம்புறது ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற தளம். 2008ல பெர்க்லியில முதுகலை மாணவர்களோட ப்ராஜெக்டா ஆரம்பிச்சது. படத்த ஏத்தினா கம்ப்யூட்டர் ஒரு பேர் சொல்லும், அத அப்படியே அமுக்கிடாதீங்க, "இந்த இனமா இருக்கலாம்"னு அது சொன்னாலும் உங்களுக்கு உறுதியா தெரிஞ்ச அளவுக்கு மட்டும் போடுங்க, "சிலந்தி"ன்னு போட்டா கூட போதும், சிலந்தி தெரிஞ்ச ஒருத்தர் வந்து சரியா சொல்வாங்க. தேதி, இடம், படம் இருந்து, அது நட்டு வளத்ததா இல்லாம தானா வந்ததா இருந்து, பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒரே இனம்னு ஒத்துக்கிட்டா அது ஆராய்ச்சித் தரம்னு மாறும், அப்புறம் விஞ்ஞானிங்க அத எடுத்து பயன்படுத்துவாங்க. தொட்டியில நீங்க வச்ச செடின்னா வளர்ப்புன்னு டிக் பண்ணிடுங்க. இன்னொண்ணு, வீட்டுலயே எடுக்கிற படம்ங்கிறதால உங்க வீட்டு இடம் ஊருக்கே தெரியும், இடத்த மறைக்கிற வசதிய ஆன் பண்ணுங்க, அப்ப ஒரு பக்கம் சுமார் 20 கிலோமீட்டர் இருக்கிற சதுரத்துக்குள்ள எங்கயோன்னு மட்டும்தான் காட்டும். வேற எங்க படத்த அனுப்பினாலும் ஃபைலுக்குள்ள இடம் பதிஞ்சிருக்கும், எடுத்துட்டு அனுப்புங்க.

கூடு மேட்டர்ல நான் கொஞ்சம் கண்டிப்பா சொல்வேன். கூட்ட பாத்தா தள்ளி நில்லுங்க, படத்துக்கு மறைக்குதுன்னு ஒரு இலைய கூட விலக்காதீங்க. தையல்சிட்டு இலைய தச்சு உள்ள கூடு கட்டுறதே யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான், நீங்க தினமும் போய் நிக்கிறத காக்கா மேல இருந்து பாத்துட்டே இருக்கும், நீங்க போனதும் அது போகும். பறவை சத்தத்த போன்ல போட்டு கூப்பிடாதீங்க. கல்ல புரட்டினா மெதுவா அதே மாதிரி திருப்பி வைங்க. புழுவ "நல்ல இடத்துல" விடறேன்னு வேற செடிக்கு மாத்தாதீங்க, நிறைய புழு அந்த ஒரு செடியத் தவிர வேற எதையும் தின்னாது, பட்டினியிலயே செத்துடும்.

கடைசியா, கிளிப் மாட்டுற மேக்ரோ லென்ஸ் வாங்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. உடனே வேணாம். இப்ப கையில இருக்கிற போனோட ஒரே செடிக்கு ஒரு மாசம் போங்க, காலையில ஒரு தடவை, முடிஞ்சா இருட்டினப்புறம் டார்ச்சோட ஒரு தடவை, படத்தோட கூட தேதி, நேரம், அது என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதி வைங்க. அந்தப் படங்கள்ல அசுவினி, முட்டை, சிலந்தி கண்ணு மாதிரி அரிசி அளவு விஷயங்கள்தான் நிறைய இருக்குன்னா வாங்குங்க, அப்ப அது உண்மையிலயே உதவும், லென்ஸ்ல இருந்து சில சென்டிமீட்டர் தூரத்துலதான் போகஸ் ஆகும்ங்கிறத மட்டும் மனசுல வச்சுக்கங்க. வண்ணத்துப்பூச்சியும் தட்டானும்தான் அதிகம்னா அது வேணவே வேணாம், அந்தக் காசு நல்ல ஜூம் இருக்கிற ஒரு பழைய கேமராவுக்கு சேரட்டும்.